பனிப்புலத்தில் ஒரு மூலிகைப் பாத்தி

புரட்டாதி பிறந்துவிட்டால் ரொறன்ரோவில் எம்மவர் வீடுகளில் ஒரு சிறிய இடப்பெயர்வு தொடங்கிவிடும். கோடை முழுவதும் பின்வளவில் வெயில் காய்ந்த கறிவேப்பிலைச் சாடியும், கற்பூரவள்ளியும், துளசியும் ஒவ்வொன்றாக உள்ளே வந்து யன்னலோரத்தில் இடம்பிடித்துக்கொள்ளும். அவை வெப்ப நிலத்துச் செடிகள். ஓர் இரவு உறைபனி விழுந்தாலும் கருகிவிடும். ஆகவே நாம் அவற்றைக் குழந்தைகளைப் போலத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுகின்றோம். அதே வேளையில், இந்நாட்டுக் குளிரை வெளியே நின்றே தாங்கி, ஆண்டுதோறும் தாமாகவே துளிர்க்கும் மூலிகைகள் பல உள்ளன என்பதை எம்மில் பலர் கவனிப்பதில்லை. நாற்றுக் கடைகளில் மிளகாய்க் கன்றையும் தக்காளிக் கன்றையும் தேடி எடுக்கும் நாம், பக்கத்துத் தட்டில் இருக்கும் சைவ்ஸ், ஒறிகானோ, தைம், சேஜ் ஆகியவற்றை வெள்ளையரின் இலைகள் என்று கடந்து சென்றுவிடுகின்றோம்.

அதற்கு இன்னுமொரு காரணமும் உண்டு. “இது வாடகை வீடு, வழக்கும் முடியவில்லை, அடுத்த கோடையில் எங்கே இருப்போமோ, பல்லாண்டுச் செடி எதற்கு?” என்று கேட்பவர்கள் உள்ளனர். நாமும் அப்படிக் கேட்டவர்களே. நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்த காலத்தில் ஒரு கோடையோடு முடிந்துவிடும் பயிர்களை மட்டுமே நட்டோம். பக்கத்து வளவில் வாழ்ந்த இத்தாலிய மூதாட்டி ஒருவர், வேலிக்கு மேலால் ஒரு பிடி சைவ்ஸையும் ஒரு துண்டு ஒறிகானோவையும் வேரோடு நீட்டியபோது, மறுக்க மனமின்றி வாங்கி நட்டுவைத்தோம். மறு சித்திரையில், நிழலான மூலைகளில் பனி இன்னும் கரையாத நேரத்தில், அந்த சைவ்ஸ் ஊசி ஊசியாகப் பச்சை காட்டி நின்றது. அன்றைக்கே அதை நறுக்கிப் பருப்புக்கறியில் தூவினோம்.

குளிரில் செடி ஏன் சாகிறது என்பதை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. குளிர் மட்டுமே கொல்வதில்லை. ரொறன்ரோவின் பல பகுதிகளில் மண் களிமண். இலையுதிர்கால மழையில் நீர் தேங்கி வேர் அழுகும். தைம், சேஜ் போன்றவை மத்தியதரைக் கடற்கரையின் கல் நிலத்துச் செடிகளாதலால் ஈரக் கால் அவற்றுக்கு ஆகாது. பாத்தியை அரை அடி உயர்த்தி, பருமணலும் மக்கிய உரமும் கலந்து கொடுத்தால் அவை பிழைக்கும். இரண்டாவது பகை, பனி உறைந்து உருகி மீண்டும் உறைவது. மாசியில் இரண்டு நாள் இளவெயில் அடித்து மண் இளகி, மறுநாள் இரவு மீண்டும் இறுகும்போது, மண் பொங்கி இளம் செடியை வேரோடு மேலே தள்ளிவிடும். வெளியே தெரியும் வேர் காய்ந்து போகும். மூன்றாவது, காற்று. நிலம் உறைந்திருக்கும்போது வேரினால் நீரை உறிஞ்ச முடியாது. பனிக்காலத்திலும் இலை தாங்கும் தைம், சேஜ் போன்றவற்றின் ஈரத்தை வடகாற்று உறிஞ்சிக்கொள்ள, செடி தாகத்தாலேயே இறக்கும்.

இதனால்தான் தடித்த பனிப்படலம் செடிக்குப் பகையன்று, போர்வை. பனிப்படலத்தின் கீழே மண்ணின் வெப்பநிலை வெளிக் காற்றைப் போல் இறங்குவதில்லை. பனி பொழியாமல் வெறுங்குளிர் அடிக்கும் ஆண்டுகளே ஆபத்தானவை. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: நடைபாதையிலிருந்து வாரிய பனியில் உப்புக் கலந்திருக்கும். அதை மூலிகைப் பாத்தியில் கொட்டக்கூடாது.

கன்று வாங்கும்போது அதனோடு செருகியிருக்கும் அட்டையில் வலய எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். எண் குறையக் குறையக் குளிர் தாங்கும் வலு கூடும். அமெரிக்க முறைப்படி 5 ஆம் வலயம் என்றால், ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவு சராசரியாகச் சைபருக்குக் கீழ் 23 முதல் 29 பாகை செல்சியஸ் வரை இறங்கும் இடம் என்று பொருள். சைவ்ஸ் 3 ஆம் வலயத்தையும் தாங்கும். ஆகவே வினிப்பெக்கில் வாழ்வோரும் அதனை நம்பி நடலாம். சாடியில் வளர்ப்போர் தம் ஊரின் எண்ணிலிருந்து இரண்டைக் கழித்துக் கணக்கிடுதல் நன்று. சாடியில் வேரை நாற்புறமும் குளிர் சூழ்ந்துகொள்ளும்.

புதினாவைப் பற்றி எச்சரிக்கத்தான் வேண்டும். ஊரில் கிணற்றடியில் அடக்கமாக நின்ற புதினா இங்கே நிலத்தடியில் ஓடி அயலவரின் புல்தரைக்குள்ளும் புகுந்துவிடும். அடியில் துளையிட்ட வாளி ஒன்றில் நட்டு, வாளியின் விளிம்பு இரண்டு விரல் வெளியே தெரியும்படி நிலத்தில் புதைப்பதே வழி. உறைபனியில் மேற்பகுதி முழுவதும் கருகிப்போகும், வேர் சாகாது. புதினாச் சம்பலுக்கு வைகாசி முதல் ஐப்பசி வரை கடைக்குப் போக வேண்டியதில்லை.

தைம் இலையை விரலால் கசக்கி முகர்ந்து பாருங்கள். ஓமம் நினைவுக்கு வரும். இரண்டிலும் தைமோல் என்னும் ஒரே பொருளே மணக்கின்றது. ஒறிகானோவின் காரமணம் கற்பூரவள்ளிக்கு நெருங்கிய உறவு. கற்பூரவள்ளி யன்னலோரத்தில் வாடி நிற்கும் மார்கழியில், பனியை விலக்கித் தைம் கொத்தொன்றை ஒடித்து வந்து இரசத்தில் போட்டுப் பார்த்தோம். எமது அம்மா முதலில் முகம் சுளித்தார்; இப்போது அவரே ஒடித்துவரச் சொல்லி அனுப்புகிறார். சேஜ் மட்டும் எம் சமையலில் இன்னும் சேரவில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

ஆவணி நடுப்பகுதிக்குப் பிறகு உரம் இடுவதை நிறுத்திவிட வேண்டும். உரம் கண்டு எழும் இளந்தளிர் முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும். தைம், சேஜ் ஆகியவற்றை இலையுதிர்காலத்தில் ஒட்ட வெட்டலாகாது. போர்வையாக இலைச் சருகையோ வைக்கோலையோ நான்கு விரல் தடிப்புக்கு இடலாம். ஆனால் நிலம் உறைந்த பின்னரே இட வேண்டும். முன்கூட்டியே மூடினால் எலி குடியேறும், வேர் அழுகும். நோக்கம் செடியைச் சூடாக்குவதன்று, உறைந்த மண்ணை உறைந்தபடியே வைத்திருப்பது.

வீடு மாறுவோருக்கு ஒரு சொல். நாம் இருந்த வீடு விற்கப்பட்டதால் தை மாதத்தில் வெளியேற நேர்ந்தது. நிலம் கல்லாக இறுகிக் கிடந்தது, மண்வெட்டி ஏறவில்லை. சித்திரையில் திரும்பிச் சென்று கதவைத் தட்டியபோது, புதிதாகக் குடிவந்தவர் சைவ்ஸ் கொத்தைத் தாமே இரண்டாகப் பிளந்து பாதியைத் தந்தார். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை அப்படிப் பிரித்து நடுவது செடிக்கும் நல்லதே. எனினும் எல்லோருக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பார் என்று சொல்ல முடியாது. அடுத்த தங்குமிடம் உறுதியில்லாதவர்கள் ஐப்பசிக்கு முன்பே ஒரு துண்டை வெட்டிச் சாடியில் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். வெப்பமூட்டாத கராஜில், சிறிதளவு ஈரத்தோடு வைத்தால் அது உறங்கிக் கிடக்கும். நட்ட செடியை விட்டுவிட்டு வர நேரும் என்று அஞ்சி நடாமல் இருந்த ஆண்டுகளே எமக்கு நட்டமாயின.

ரோஸ்மேரியை இங்கே வெளியே விட்டு ஏமாந்தோம். அட்டையைப் பாராமல் வாங்கிய பிழை எம்முடையது. அதுவும் கறிவேப்பிலையைப் போல உள்ளே வர வேண்டியதே. ஆனால் வெப்பக் குழாய்க்குத் தொலைவில், குளுமையும் வெளிச்சமும் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். கறிவேப்பிலை பனிக்காலத்தில் இலையுதிர்த்தால் பதறி நீர் ஊற்றாதீர்கள். மண்ணின் மேற்பகுதி காய்ந்த பின் ஊற்றினால் போதும். கொப்பை நகத்தால் கீறிப் பார்த்து உட்புறம் பச்சையாக இருந்தால் உயிர் இருக்கின்றது. மே மாதத்தின் நடுப்பகுதி கடந்து, இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழ் இறங்காத நாட்களில், முதலில் நிழலிலும் பின்னர் வெயிலிலுமாக வெளியே பழக்குங்கள்.

சேஜும் தைமும் வசந்தத்தில் பிந்தியே விழிக்கும். காய்ந்த குச்சியாகத் தோன்றுகிறதென்று சித்திரையிலேயே பிடுங்கி எறிந்த சேஜின் அடியில் வெண்பச்சைக் குருத்து இரண்டு இருந்ததை நாம் பிந்தியே கண்டோம். மே மாதம் முடியும்வரை எதையும் பிடுங்காதீர்கள்.