பாட்டுக்குக் கீழே எழுத்து

எழுத்துக் கற்றுக்கொள்வது ஒரு வேலை. கற்றதை மறக்காமல் வைத்திருப்பது இன்னொரு வேலை. இரண்டாவதுதான் கடினம்.

1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. மாவட்டம் மாவட்டமாகப் பெரியவர்கள் இரவு வகுப்புக்கு வந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். கையெழுத்தும் போட்டார்கள். வகுப்பு முடிந்தது. அப்புறம் என்ன? காலையில் வயல், மாலையில் அடுப்பு. பல வீடுகளில் படிக்க ஒரு புத்தகம்கூட இல்லை. படிக்காமலே மாதங்கள் போனால் எழுத்துகள் ஒவ்வொன்றாக நழுவிவிடும். "இந்த பஸ் எங்கே போகுது?" என்று மறுபடியும் பக்கத்தில் நிற்பவரைக் கேட்க வேண்டி வரும். பட்ட பாடெல்லாம் வீண்.

இதற்கு ஒரு வழி சினிமாப் பாட்டிலிருந்து வந்தது!

பிரிஜ் கோத்தாரி என்பவர் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தார். ஸ்பானிஷ் மொழியும் கற்று வந்தார். 1996-இல் நண்பர்களோடு ஒரு ஸ்பானிஷ் படம் பார்த்தார். பேசுவது ஸ்பானிஷ், கீழே ஓடும் எழுத்து ஆங்கிலம். "எழுத்தும் ஸ்பானிஷிலேயே இருந்தால் நன்றாகக் கற்றுக்கொள்ளலாமே" என்று அவருக்குத் தோன்றியது. இந்திப் பாட்டுக்கு இந்தியிலேயே எழுத்துப் போட்டால் என்ன? விளையாட்டாகப் பிறந்த யோசனைதான். பிறகு அவர் அகமதாபாத்தில் உள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தில் பேராசிரியர் ஆனார். யோசனையை விடவில்லை.

உடனே யாரும் சம்மதிக்கவில்லை. எழுத்து ஓடினால் படம் கெட்டுவிடும் என்ற தயக்கம் இருந்தது. 1999-இல்தான் அகமதாபாத் தூர்தர்ஷனில் குஜராத்திப் பாட்டுகளுக்கு எழுத்து ஓடியது. 2002-இல் இந்திப் பாட்டு நிகழ்ச்சியான சித்ரஹாரிலும் வந்தது. அது நாடு முழுவதும் தெரிந்த நிகழ்ச்சி.

இது எப்படி வேலை செய்கிறது? பாடகர் ஒரு சொல்லைப் பாடும்போது, திரையில் அந்தச் சொல்லின் நிறம் மாறும். அடுத்த சொல் வந்தால் அதன் நிறம் மாறும். காது கேட்கிறது, கண் பார்க்கிறது, வாய் முணுமுணுக்கிறது. பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். ஆகவே அடுத்து வரும் சொல் எது என்று முன்பே தெரியும். தெரிந்த சொல்லுக்கு எழுத்தைப் பொருத்திப் பார்த்தால் போதும். பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் பயிற்சியும் திரும்பத் திரும்ப நடக்கும். பாடம் என்ற பயமே இல்லை. காது கேளாதவர்களுக்கும் இதனால் பாட்டின் சொற்கள் கிடைத்தன. பாட்டை எழுதி வைக்க விரும்பியவர்களும் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார்கள்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. பாட்டு மட்டும் கேட்டு ஒருவர் அனா ஆவன்னா கற்றுவிட முடியாது. கொஞ்சம் எழுத்துத் தெரிந்தவருக்குத்தான் இது பெரிய உதவி.

திரையில் எழுத்து ஓடாவிட்டாலும் கவலையில்லை. சொந்தமாக ஒரு பாட்டுப் புத்தகம் செய்யலாம். நான்கு வெள்ளைத் தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். பதினாறு பக்கம் ஆயிற்று. பழைய காலண்டர் தாளை மேலட்டையாகப் போடுங்கள். மடிப்பில் கோணி ஊசியால் மூன்று துளை இடுங்கள். நூலை உள்பக்கமிருந்து நடுத் துளையில் வெளியே விடுங்கள். நுனி கொஞ்சம் உள்ளே மிச்சம் இருக்கட்டும். மேல் துளை வழியாக உள்ளே வாங்குங்கள். கீழ்த் துளை வழியாக வெளியே விட்டு, மறுபடி நடுத் துளையில் உள்ளே இழுத்து, இரண்டு நுனியையும் சேர்த்து முடி போடுங்கள்.

ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு. தாலாட்டு, நடவுப் பாட்டு, சினிமாப் பாட்டு எதுவும் ஆகலாம். எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். பிழை வந்தால் அடித்துவிட்டு மேலே எழுதுங்கள். பிறகு ஒருவர் பாட, இன்னொருவர் சொல்லுக்குச் சொல் விரலை நகர்த்த வேண்டும். பாடுகிறவர் திடீரென்று நிறுத்துவார். விரல் எந்தச் சொல்லில் நிற்கிறது? தப்பான சொல்லில் நின்றால் அவர்தான் அடுத்த பாட்டைப் பாட வேண்டும்!