இடையில் படிப்பை விட்டோர் பெரிய கல்லூரியில் சேர்வது எங்ஙனம்?

சென்ற தணிக்கையின்போது நெசவாளர் சங்க அங்கத்தினர் ஒருவர், கணக்கைப் பற்றி ஏதும் கேளாமல் தம் மகளைப் பற்றிக் கேட்டார். 2020இல் கொரோனாவினால் அரசுப் பள்ளி மூடப்பட்டபோது ஒன்பதாம் வகுப்போடு நின்று, தார் சுற்ற உட்கார்ந்துவிட்ட பெண். இன்று இருபதை எட்டும் வயது. போட்டி மிகுந்த நல்ல கல்லூரியில் இவள் சேர இயலுமா என்பதே வினா.

இயலும். ஆயின் வழியிலுள்ள பள்ளங்களை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும்.

முதற்படி பத்தாம் வகுப்புச் சான்றிதழ். இதற்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதலாம். அல்லது தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்யலாம். 1989இல் தோன்றிய இப்பள்ளியில் பத்தாம் வகுப்பைத் தமிழிலேயே எழுதலாம். ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டு செல்லும். தேறிய பாடத்தை மறுபடி எழுத வேண்டுவதில்லை. தறியை விட முடியாதவர்க்கு இது பெரும் அனுகூலம்.

பன்னிரண்டாம் வகுப்பிற்கு வரும்போதுதான் பலர் தவறுகின்றனர், நாமும் தவறியிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞனிடம், "எளிய பாடங்களாக எடுத்துக்கொள், தேறிவிடலாம்" என்று யோசனை கூறினோம். அவனும் அவ்வாறே தேறினான். பின்னர் பொறியியல் படிக்க விரும்பியபோது கணிதமும் இயற்பியலும் இல்லாமையால் விண்ணப்பமே போட முடியவில்லை. ஆகவே எந்தக் கல்லூரி என்பதை முதலில் தீர்மானித்து, அதிலிருந்து பின்னோக்கிப் பாடங்களைத் தேர்ந்துகொள்க. ஜே.இ.இ. தேர்வுக்குத் திறந்தநிலைப் பள்ளி மாணவர் குறைந்தது ஐந்து பாடங்களில் தேறியிருத்தல் வேண்டும். முதன்மைத் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம்.

காலக்கணக்கும் உண்டு. ஐ.ஐ.டி.க்கான மேல்நிலைத் தேர்வை, பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் மட்டுமே எழுத அனுமதி. வயது வரம்பும் உண்டு. போதிய பயிற்சியின்றி அவசரப்பட்டுப் பன்னிரண்டை முடித்துவிட்டால் அந்த இரண்டு வாய்ப்புகளும் வீணாகும்.

ஓர் இழப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் முதலியவற்றில் 2021 முதலும் வழங்கப்பட்ட 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, இவ்வழியே வருவோர்க்குக் கிட்டாது. எனவே பள்ளி வயது கடவாத பிள்ளை நின்றுவிட்டால், முதற்காரியமாகத் தலைமையாசிரியரைப் பார்த்து மீண்டும் அப்பள்ளியிலேயே சேர்த்துவிடுக. மேற்படி அங்கத்தினரின் இளைய மகன் விஷயத்தில் இதையே வற்புறுத்தினோம்.

இனி, நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கே உரிய வழி ஒன்று. சேலத்தில் 1960இல் அமைந்த இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தின் மூன்றாண்டு டிப்ளமாவுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். வயது வரம்பு மட்டும் தடை. ஆமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனமோ பன்னிரண்டில் எந்தப் பாடம் படித்தவரையும் ஏற்கும். ஆனால் கையால் செய்துகாட்டும் பரீட்சை வைக்கும். அங்கே பாவு, ஊடை, சாயம் அறிந்த கைக்குக் குறைவில்லை. பள்ளி செல்லாத ஆண்டுகளில் செய்த வேலையைச் சிலர் கூச்சத்தால் மறைக்கிறார்கள். அது வேண்டாத கூச்சம். நெய்த துணியின் மாதிரிகளையும், தாமே போட்ட டிசைன் தாள்களையும் தேதியிட்டுச் சேர்த்து வைக்கட்டும்.

அப்பெண் சேலத்தையே விரும்புகிறாள். பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யச் சென்றபோது, பள்ளி மாற்றுச் சான்றிதழிலுள்ள பிறந்த தேதி ஆதார் அட்டையோடு ஒத்துவரவில்லை என்று தெரிந்தது. வயது வரம்புள்ள இடத்தில் இது சிறு பிழையன்று. அதைத் திருத்தும் மனு இப்போது அனுப்பப்பட்டிருக்கிறது. பிற அங்கத்தினர்களும் தத்தம் பிள்ளைகளின் சான்றிதழ்களை இம்மாதமே எடுத்து ஒத்துப் பார்த்துக்கொள்வார்களாக.