போர் முடிந்த பிறகு எழுந்த கேள்வி

வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் நாள்கணக்கில் பாரதம் படிப்பார்கள். இரவெல்லாம் கூத்து நடக்கும். கடைசி நாளில் களிமண்ணால் செய்த துரியோதனன் நெடுக விழுந்து கிடப்பான், பாஞ்சாலி கூந்தல் முடிவாள், மக்கள் தீ மிதிப்பார்கள். கதை அத்தோடு நிறைவு. வில்லிபுத்தூரார் பாடிய பாரதமும் ஏறக்குறைய அங்கேயேதான் நிற்கிறது. 4,300க்கும் மேற்பட்ட பாடல்களில் பத்துப் பருவங்களைப் பாடிய அவர், பதினெட்டாம் நாள் போருக்கும் அன்றிரவு நடந்த படுகொலைக்கும் பிறகு மேலே செல்லவில்லை. வியாச பாரதத்திலோ இன்னும் எட்டுப் பருவங்கள் இருக்கின்றன. அந்தக் குறையை உணர்ந்துதான் 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை பதினெட்டுப் பருவங்களுக்கும் தமிழில் பாரதம் செய்தார். ஆனால் மக்கள் மனத்தில் வில்லி வரைந்த எல்லைதான் நிலைத்தது. மகாபாரதத்தின் தத்துவத்தை உண்மையாகவே கற்க விரும்புகிறவர் அந்த எல்லையைக் கடந்தே ஆக வேண்டும். காவியம் தன் ஆழமான கேள்வியைப் போர் முடிந்த பிறகுதான் முழுமையாகக் கேட்கிறது.

மகாபாரதத்தின் தத்துவம் என்றதும் நம் நினைவுக்கு வருவது கீதை. அது போருக்கு முன் அர்ச்சுனன் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில். உறவினரைக் கொன்று பெறும் அரசு எதற்கு என்று அவன் வில்லை நழுவவிட்டான். 700 சுலோகங்களின் முடிவில் தெளிந்து எழுந்தான். பதினெட்டு நாள் கழித்து அதே கேள்வியைத் தருமர் கேட்கிறார். ஈமக்கடன் செய்யும் வேளையில், கர்ணன் தன் மூத்த மகன் என்று குந்தி சொல்லிவிடுகிறாள். வென்றது தன் சொந்த அண்ணனைக் கொன்று என்று அறிந்த தருமர், முடி வேண்டாம், காட்டுக்குப் போகிறேன் என்கிறார். அர்ச்சுனன் அஞ்சியது வரப்போகும் ஒன்றை. தருமருக்கு அது நடந்து முடிந்த ஒன்று. பிணங்கள் அவர் கண்முன் கிடக்கின்றன. தம்பிகள் வாதாடுகிறார்கள், திரௌபதி கடிந்துகொள்கிறாள், வியாசரும் கண்ணனும் தேற்றுகிறார்கள். அவர் துயரம் அடங்கவில்லை. அதற்கு விடை தேடப் புறப்பட்டதுதான் சாந்தி பருவம்: ஏறக்குறைய 13,000 சுலோகங்கள், கீதையைப் போலப் பதினெட்டு மடங்கு. பதினெட்டுப் பருவங்களில் மிக நீண்டதும் அதுவே.

கீதையே போதுமே, அதில் எல்லாம் அடங்கிவிட்டதே என்று கேட்கலாம். காவியம் அப்படி நினைக்கவில்லை என்பதற்கு அதற்குள்ளேயே சான்று இருக்கிறது. அசுவமேத பருவத்தில், எல்லாம் ஓய்ந்த ஒரு நாளில், அன்று போர்க்களத்தில் நீ சொன்னதை மறந்துவிட்டேன், மறுபடி சொல் என்று அர்ச்சுனன் கண்ணனைக் கேட்கிறான். அதை அப்படியே திரும்பச் சொல்ல இனி என்னாலும் ஆகாது என்று வருந்தும் கண்ணன், வேறு பழைய உரையாடல்களின் வழியே அனுகீதையைச் சொல்கிறான். எத்தனை துணிச்சலான இடம்! உலகம் போற்றும் உபதேசத்தை, அதைக் கேட்டவனே மறந்துவிட்டான் என்று எழுதி வைக்க எவ்வளவு நேர்மை வேண்டும்! ஒருமுறை கேட்டுத் தெளிந்து முடித்துவிடுகிற விஷயமாகத் தருமத்தை இந்தக் காவியம் எங்குமே நடத்தவில்லை.

தருமருக்குக் கிடைத்த ஆசிரியர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பத்தாம் நாள் போரில் பாண்டவர்களாலேயே வீழ்த்தப்பட்டு, உத்தராயணத்துக்காக அம்புப் படுக்கையில் காத்திருக்கும் பீஷ்மர். சூதில் தன்னையே தோற்ற பிறகு என்னைப் பணயம் வைக்கத் தருமருக்கு என்ன உரிமை என்று திரௌபதி அவையில் கேட்டபோது, தருமத்தின் போக்கு நுட்பமானது, என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை என்று கைவிரித்த அதே பீஷ்மர். அந்தக் கேள்விக்குப் பாரதம் முழுவதிலும் தீர்ப்பு வரவில்லை. அன்று விடை சொல்ல முடியாதவரையே தருமத்தைச் சொல்லித்தர வைக்கிறார் வியாசர். அதனால்தான் அந்தப் போதனை கட்டளைகளின் தொகுப்பாக இல்லை. ஒரு கதை, அதற்கு ஓர் ஐயம், அந்த ஐயத்துக்கு இன்னொரு கதை என்றே வளர்கிறது.

ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம். பசியால் துவண்ட விசுவாமித்திரர் ஒரு சண்டாளரின் குடிசைக்குள் இரவில் நுழைந்து நாய்த் தொடையைத் திருடப் பார்க்கிறார். விழித்துக்கொண்ட வீட்டுக்காரர், இது உங்களுக்குத் தகாத செயல் என்று முனிவருக்கே அறம் எடுத்துச் சொல்கிறார். உயிர் இருந்தால்தானே அறம் செய்ய முடியும் என்கிறார் முனிவர். இரு பக்க வாதமும் சம வலிமையோடு வருகிறது. சொல்லப்போனால் சண்டாளரின் பேச்சில்தான் கண்ணியம் அதிகம். முடிவில் முனிவர் இறைச்சியை எடுத்துப்போய்ச் சமைத்துத் தேவர்களுக்குப் படைக்க முற்படுகிறார், மழை பொழிகிறது. கதை நல்லபடி முடிந்ததே என்று தருமர் மகிழ்ந்துவிடவில்லை. இவ்வளவு கொடியதும் செய்யத்தக்கது என்றால் வரம்பு எங்கே, என் தருமமே ஆட்டம் காண்கிறதே என்று கலங்குகிறார். நான் உனக்குச் சாத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, பல இடங்களிலிருந்து திரட்டிய அறிவைச் சொல்கிறேன், ஒரே கிளையைப் பற்றிக்கொண்டு உலகை நடத்த முடியாது என்பது பீஷ்மரின் பதில். விதியைச் சொல்லும் நூலில், விதியைக் கேட்டவன் நிலைகுலைவதும் பதிவாகியிருக்கிறது. சாந்தி பருவத்தைத் தத்துவ நூலாக்குவது இந்தப் பதிவுதான்.

இன்னொரு கதையில் கௌதமர் கோபத்தில், உன் தாயைக் கொல் என்று மகனிடம் சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய்விடுகிறார். எதையும் ஆற அமரச் செய்வதால் அந்த மகனுக்குச் சிரகாரி என்றே பெயர். தந்தை சொல்லை மீறலாமா, தாயைக் கொல்லலாமா என்று அவன் யோசிக்கிறான், யோசித்துக்கொண்டே இருக்கிறான். குற்றம் ஆணுடையது, பெண்ணுடையது அன்று என்ற இடத்துக்கும் அவன் சிந்தனை போகிறது. இதற்குள் மனம் மாறி ஓடிவரும் தந்தை, மனைவி உயிரோடு இருப்பதைக் கண்டு மகனின் தாமதத்தைக் கொண்டாடுகிறார். தந்தை சொல்லைத் தட்டாதவனே நல்ல மகன் என்று போற்றும் மரபுக்குள்ளிருந்தே இந்தக் கதை பிறந்திருக்கிறது.

இதெல்லாம் பிற்காலத்தில் சேர்த்தது, மூலக் கதையில் இல்லை என்று மறுப்போர் உண்டு. சாந்தி பருவத்தின் பெரும்பகுதி காலத்தால் பிந்தியது என்று கருதும் ஆய்வாளர்கள் பலர். ஆனால் அதே ஐயத்தைக் கீதையின் மீதும் எழுப்பியிருக்கிறார்களே! புனேயின் பண்டார்கர் நிறுவனம் 1919இல் தொடங்கி 1966இல் முடித்த மகாபாரதச் செம்பதிப்பு 1,259 சுவடிகளை ஆராய்ந்தது. நாம் நன்கறிந்த சில பகுதிகளைக்கூடப் பிற்சேர்க்கை என்று அடிக்குறிப்புக்குத் தள்ளியது. சாந்தி பருவம் அதன் மூல பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. பின்னால் சேர்ந்தது என்றே வைத்துக்கொண்டாலும், போர்க்கதையை வெற்றியோடு நிறுத்தக் கூடாது, வென்றவனின் குற்ற உணர்வுக்கும் இடம் வேண்டும் என்று ஒரு தலைமுறையினர் உணர்ந்திருக்கிறார்கள். அந்த உணர்வும் இந்தக் காவியத்தின் தத்துவம்தான்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. வருணப் பாகுபாட்டை நியாயப்படுத்தும் பகுதிகளும் பெண்களை இழிவாகப் பேசும் பகுதிகளும் இங்கே நிறைய இருக்கின்றன. அவற்றைப் பூசி மெழுகக் கூடாது. படிக்கிறவர் அந்த இடங்களில் கூசத்தான் வேண்டும். ஆனால் அவற்றுக்கு எதிர்க்குரலும் இதே நூலில் ஒலிக்கிறது. காமமும் கோபமும் அச்சமும் பசியும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வருணங்களை எதை வைத்துப் பிரிப்பது என்று பரத்துவாசர் கேட்க, தொடக்கத்தில் வேறுபாடே இல்லை, செயலால் வந்ததுதான் என்று பிருகு ஒப்புகிறார். காசியில் கடை வைத்திருக்கும் துலாதாரன், தலையில் பறவை கூடு கட்டும்வரை தவம் செய்த ஜாஜலிக்கு, எவ்வுயிரையும் வருத்தாமல் வாழ்வதே தருமம் என்று கற்பிக்கிறான். சுலபை என்ற துறவிப் பெண், முக்தி அடைந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் ஜனக அரசனிடம் அவையிலேயே வாதிட்டு, ஆன்மாவில் ஆண் பெண் ஏது என்று கேட்கிறாள். அரசன் பதில் பேசவில்லை. சுலபையைத் தெரியாமல் இந்தக் காவியம் பெண்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று யாரும் முடிவு கட்டிவிட முடியாது.

வீட்டில் பாரதம் படித்தால் சண்டை வரும் என்று அஞ்சுகிறவர்கள் இன்றும் உண்டு. அஞ்சாமல் படிக்க விரும்புவோருக்கு நூல் இருக்கிறது: கும்பகோணத்தில் ம. வீ. ராமானுஜாசாரியார் தம் செல்வத்தையும் ஆயுளையும் செலவழித்து, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பதினெட்டுப் பருவங்களையும் தமிழ் உரைநடையில் வெளிக்கொணர்ந்தார். அதில் சாந்தி பருவத்தைத் தொடக்கம் முதல் வரிசையாகப் படிக்க வேண்டும் என்பதில்லை; ஒரு நாளைக்கு ஓர் உரையாடலை எடுத்து, இரு பக்கத்தையும் வாய்விட்டு வாதாடிப் பார்த்தால் போதும். வீட்டில் அப்படி ஒரு சண்டை வந்தால் வரட்டும்.

பீஷ்மர் சொன்ன இத்தனையும் கேட்டதால் தருமர் தேறினாரா? பீஷ்மரின் உடல் எரிந்து, நீர்க்கடன் முடிந்ததும், அவர் கங்கைக் கரையிலேயே மறுபடி நிலைகுலைந்து விழுகிறார். நூறு பிள்ளைகளை இழந்த திருதராட்டிரன் அவரைத் தேற்றுகிறான். குற்றம் நீங்க வியாசர் சொன்னபடி அசுவமேதம் செய்கிறார். வேள்வி சிறப்பாக முடிந்த நேரத்தில் பாதி உடல் பொன்னான ஒரு கீரி வந்து, குருட்சேத்திரத்தில் பட்டினி கிடந்த ஒரு குடும்பம் தன் கடைசி மாவையும் விருந்தினனுக்குக் கொடுத்த கதையைச் சொல்கிறது. அந்த மாவில் புரண்டபோது என் உடலில் பாதி பொன்னாயிற்று, மறு பாதியும் ஆகும் என்று இங்கே வந்தேன், ஆகவில்லை என்று சொல்லிவிட்டு மறைகிறது.