பழைய கடல்நீர்த் தொட்டி வாங்குவோர் கவனத்திற்கு

நகைக்கடை, ஜவுளிக்கடை, ஓட்டல் என வாடிக்கையாளர் சற்று உட்கார்ந்து காத்திருக்கும் இடங்களில் கடல்நீர் மீன் தொட்டி வைப்பது ஒரு வழக்கம். குழந்தைகள் தொட்டியருகே நின்றுவிட்டால் பெரியவர்கள் இன்னும் இரண்டு புடவை கூடுதலாகப் பார்ப்பார்கள் என்பது கடைக்காரர் கணக்கு. புதிதாக அமைக்கச் செலவு அதிகம். ஆகவே மாற்றலாகிப் போகும் அதிகாரியிடமோ, கடையை மூடுபவரிடமோ, பராமரித்துச் சலித்துப் போனவரிடமோ பழைய தொட்டியை வாங்கிவிடலாம் என்று தோன்றுவது இயற்கை. பழைய ஃபிரீசரும் தராசும் வாங்கிப் பழகிய நமக்கு இதுவும் அப்படித்தானே என்று இருக்கும். ஆனால் இது வேறு வகைச் சரக்கு.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கரைக்கு வந்த சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருந்தால் எடுத்தவர் அதிர்ஷ்டம். இல்லையென்றால் அழுகிய சிப்பிதான் மிச்சம். நம் கரையில் அந்தக் குளிப்பு 1961உடன் நின்றுவிட்டது. பழைய மீன் தொட்டியை மட்டும் இன்றும் பலர் அதே ஏலக் கண்ணோடுதான் வாங்குகிறார்கள். இத்தனைக்கும் இது மூடிய சிப்பி அல்ல, கண்ணாடி!

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். "ரீஃப் டேங்க்" என்று விற்பவர் சொன்னால், அதில் உயிருள்ள பவளமோ, கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லோ இருக்கக்கூடும். பாறை உண்டாக்கும் பவளம், கறுப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ல் சேர்க்கப்பட்டன. சட்டத்தின் பார்வையில் புலியும் பவளமும் ஒரே வரிசை. பிடிப்பதும் விற்பதும் மட்டுமல்ல, வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றத்தில் சேரும். முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அபராதமும் 25,000 ரூபாய்க்குக் குறையாது. "செத்த பவளம்தானே, வெறும் கல்தானே" என்ற சமாதானம் எடுபடாது. கடல் அட்டை வழக்குகளை நாம் செய்தித்தாளில் படித்துவிட்டு அது கடத்தல்காரர் விவகாரம் என்று பக்கத்தைப் புரட்டி விடுகிறோம். கடை முகப்பில் விளக்குப் போட்டு வைத்த தொட்டிக்கும் அதே சட்டம்தான்.

இந்தக் கடுமைக்குக் காரணம் நம் ஊர்க் கடலிலேயே இருக்கிறது. சுண்ணாம்புக்கும் கால்சியம் கார்பைடு தயாரிப்புக்கும் பல பத்தாண்டுகளாகப் பவளப் பாறையை வெட்டிக் கரையேற்றியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986ல் தேசியப் பூங்காவாயின. அவற்றில் நம் பக்கத்து விலாங்குச்சல்லித் தீவு நீரில் மூழ்கியே போயிற்று. வான் தீவு கரைந்து சுருங்கவே, 2015 முதல் அதைக் காக்கக் கடலில் சிமெண்டுப் பாறைகளைச் செய்து இறக்கினார்கள். கடலுக்கே சிமெண்டுக் கல் போட வேண்டியிருக்கும்போது நம் கடைத் தொட்டிக்கு மட்டும் அசல் பவளம் எதற்கு?

ஆகவே வாங்குவது கண்ணாடி, ஸ்டாண்டு, மோட்டார், ஸ்கிம்மர், மீன் என்ற அளவில் நிற்கட்டும். பவளம் இருந்தால் விற்பவரே முதலில் வனத்துறையிடம் பேசி அதற்கு வழி செய்யட்டும். பிறகு விலை பேசுங்கள். "நானே எடுத்துப் போய்க் கடலில் விட்டு விடுகிறேன்" என்று உதவிக்குப் போகாதீர்கள். வழியில் அது உங்கள் வண்டியில் இருக்கும் சரக்கு. ரசீதில் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பவளத்தை விட்டுவிடுவதில் லாபமும் உண்டு. பவளத்துக்கு உக்கிரமான விளக்கு வேண்டும். நம் ஊர் வெயிலில் தண்ணீரைக் குளிர்விக்கச் சில்லர் வேண்டும். 2016 கோடையில் மன்னார் வளைகுடாக் கடலே சூடேறிப் பவளங்கள் வெளுத்துப் போயின. கடலே தாங்காததைத் தொட்டியில் தாங்க வைக்க மாதா மாதம் மின் கட்டணம் கட்ட வேண்டியதுதான். மீன் மட்டும் உள்ள தொட்டிக்குச் சாதாரண எல்.இ.டி. விளக்கும் ஒரு மின்விசிறியும் பெரும்பாலும் போதும்.

இனித் தொட்டியைப் பார்ப்போம். கண்ணாடி மூலைகளில் சிலிகான் பசை உரிந்தோ கறுத்தோ இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அதைப் பிரித்து ஒட்டத்தான் வேண்டும். காலியாகக் கிடக்கும் தொட்டியென்றால் இரண்டு மூன்று நாள் நிறைய நீர் நிரப்பி, அடியில் பழைய செய்தித்தாள் விரித்துப் பாருங்கள். ஒழுகினால் தாள் சொல்லிவிடும். வெள்ளைச் சுண்ணாம்புக் கறை பெரிதல்ல, வினிகரில் போகும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது தாமிர மருந்து போட்டார்களா என்று கேளுங்கள். தாமிரம் கல்லிலும் பசையிலும் ஊறி நிற்கும். பிற்பாடு இறால், நத்தை விட்டால் சாகும். மோட்டார் வயர்களில் உப்புப் பூத்திருக்கும். எனவே பழைய பிளக்குகளை மாற்றி, இ.எல்.சி.பி. இல்லாமல் இணைப்புக் கொடுக்காதீர்கள்.

எடையையும் கணக்கிடுங்கள். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் சுமார் 255 லிட்டர் நீர் பிடிக்கும். கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ. நீர் மட்டுமே 260 கிலோவைத் தாண்டும். 10 மில்லிமீட்டர் கண்ணாடி ஐம்பது கிலோ. கல்லும் மணலும் சேர்ந்தால் 75 கிலோ மூட்டை ஐந்தை ஒரே இடத்தில் அடுக்கிய மாதிரி. மாடிக் கடைக்காரர்கள் சுவரோரம், உத்திரத்தின் மேல் வரும்படி வைக்க வேண்டும். மளிகைக் கடையில் சர்க்கரை, வெல்லம் மூட்டைகளுக்கு அருகே வேண்டவே வேண்டாம்; தொட்டி எப்போதும் ஈரத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும்.

உப்பு விளையும் ஊரில் உப்புக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். உப்பளத்து உப்பு கடல் அல்ல. நீர் சுண்டும்போது ஜிப்சம் முன்னதாகவே படிந்துவிடும். 25 டிகிரிக்கு மேல் உப்பு விளையும். மக்னீசியம் கடைசிக் கசப்பு நீரோடு போய்விடும். மீனுக்கு வேண்டிய கலவையில் பாதி அந்தப் படிவிலும் கசப்பு நீரிலும்தான் இருக்கிறது. எனவே கடையில் விற்கும் கடல்நீர்க் கலவை உப்பு, அல்லது நேரடிக் கடல்நீர், இரண்டில் ஒன்றுதான். கடல்நீர் என்றால் துறைமுகம், சாக்கடை வாய், அனல்மின் நிலையப் பக்கம் எடுக்காமல், படகில் தள்ளிப்போய், மழை ஓய்ந்த பிறகு எடுத்து, வடிகட்டி, மூடிய பீப்பாயில் சில நாள் வைத்து ஊற்றுங்கள். ஆவியாவது நன்னீர் மட்டுமே. எனவே குறைந்ததை ஆர்.ஓ. தண்ணீரால் ஈடுகட்ட வேண்டும். கடல்நீரையே ஊற்றினால் நாளுக்கு நாள் உப்பு ஏறும்.

தொட்டியை இடம் மாற்றும் நாள்தான் முதல் போகும் நாள். மீன் கழிவில் வரும் அமோனியா நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் நீரில் அதிகம் இல்லை; கல்லிலும், ஃபில்டரின் பீங்கான் வளையங்களிலும் ஒட்டி வாழ்கின்றன. அவை புதிதாகப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். விற்பவரிடம் காசு கொடுத்து வாங்குவதில் மிக மதிப்புள்ளது கண்ணுக்குத் தெரியாத இந்தச் சரக்கே. "சுத்தமாகக் கழுவிக் கொடுத்துவிட்டேன்" என்று அவர் பெருமையாகச் சொன்னால் அது கழுவித் தொலைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வளையங்களைப் பழைய கடல்நீரில் மூழ்க வைத்து, பேட்டரி காற்று மோட்டாரோடு கொண்டு வாருங்கள். பாதி நீரையாவது 20 லிட்டர் கேன்களில் பிடித்து வையுங்கள். எண்ணெய், பினாயில் இருந்த டின் ஆகாது. மீன்களைத் தனித்தனிப் பையில் போட்டுத் தெர்மாகோல் பெட்டியில், வெயில் ஏறுமுன் ஏற்றுங்கள். முந்தின நாள் தீனி போடாதீர்கள். அடி மணல் கறுத்து அழுகிய முட்டை வாடை அடித்தால் அப்படியே கொட்டிவிட்டுப் புது மணல் போடுங்கள். அந்த நஞ்சு நீரில் கலந்தால் எல்லா மீனும் போகும். காலித் தொட்டியைக் குட்டியானையில் போர்வை விரித்துச் சமமாக வையுங்கள். தண்ணீர் கொஞ்சம் இருக்கட்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒரு மூலை தூக்கினால் பசை விட்டுவிடும்.

கடையில் பொருத்திய பின் சாயங்காலக் கொசுவத்தியும் கொசு மருந்துத் திரவமும் அந்த அறையில் வேண்டாம். காற்று மோட்டார் அந்தக் காற்றைத்தான் இழுத்து நீருக்குள் விடும். அந்த மருந்து மீனுக்குக் கடும் விஷம். மின்வெட்டுக்கு ஒரு காற்று மோட்டாரையாவது இன்வெர்ட்டரில் இணையுங்கள்.

மீன் வாங்கும்போது கடலில் பிடித்ததா, வளர்த்ததா என்று கேட்டு வளர்த்ததையே வாங்குங்கள். கோமாளி மீனைப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது. அந்த நிலையம்தான் 1973ல் நம் தூத்துக்குடியில் சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டியது. பண்ணை மீன் தொட்டிக்கும் உலர் தீனிக்கும் பழகியது. கடற்சாமந்தி இல்லாமலே வாழும்.

ஓராண்டு ஓட்டிப் பார்த்துப் பெரிய தொட்டிக்கு மாற நினைப்பவர்கள், ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடி என்றால் நீர் மட்டுமே கிட்டத்தட்ட 700 கிலோ என்பதைத் தச்சரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். புதுத் தொட்டியை நிரப்பி, உப்பளவு சரிபார்த்து, பழைய ஃபில்டர் வளையங்களை அதில் போட்டு, அமோனியா பூஜ்யம் காட்டிய பிறகே மீன்களைச் சில சிலவாக மாற்றுங்கள். விளக்கு, மோட்டார், மணல் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். எதனால் கெட்டது என்றே தெரியாது. பழைய தொட்டியை விற்க வேண்டியதில்லை. நாலடித் தொட்டி புதிய ஸ்டாண்டுக்குள் நுழையுமாறு அளவு சொல்லிச் செய்தால், அதுவே சம்ப் தொட்டியாக இருந்து ஸ்கிம்மரையும் வளையங்களையும் தாங்கிக்கொள்ளும்.