வடகடலின் குறுவாழ்வுப் புயல்கள்

நார்வேயின் மேற்கிலும் வடக்கிலும் விரிந்துள்ள நார்வேஜியக் கடலும் பாரன்ட்ஸ் கடலும் மீன்வளம் மிக்கவை. குளிர்காலத்தில் அங்குத் திடீரெனத் தோன்றும் சிறு புயல்களைத் ‘துருவத் தாழ்வழுத்தங்கள்’ என்பர் வானிலை அறிஞர்.

இவற்றின் தோற்றம் நோக்கத்தக்கது. ஆர்க்டிக் பனிப்பரப்பின் உறைகுளிர்க் காற்று, அட்லாண்டிக் நீரோட்டத்தால் வெப்பமுற்ற கடல்மீது பாய்கிறது. கடல் தரும் வெப்பமும் ஈரமும் அதனை மேலெழச் செய்ய, சுழல் உருவாகிறது. அதன் குறுக்களவு பெரும்பாலும் சில நூறு கிலோமீட்டர். ஆயுளோ ஓரிரு நாள். எனினும் காற்று மணிக்கு 54 கிலோமீட்டரைக் கடந்து, சில வேளை 100ஐயும் எட்டும்.

கடல்நடுவே அவதான நிலையங்கள் அரிது. ஆதலின் முற்காலத்தில் இப்புயல்கள் பல, வானிலை வரைபடத்தில் இடம்பெறாமலே மீனவரைத் தாக்கின. 1960இல் டைரோஸ்-1 ஏவப்பட்டதோடு தொடங்கிய துணைக்கோள் காலமே இவற்றின் உருவத்தைத் தெளிவாக்கியது. நிலநடுக்கோட்டின் மேல் நிலைகொண்ட துணைக்கோள்களுக்கு வடதுருவப் பகுதி மிகச் சாய்வாகவே தெரியும். எனவே துருவங்களைச் சுற்றிவருபவையே இங்குப் பயன்படுகின்றன. சூரியன் உதியாத நாள்களிலும் அகச்சிவப்புக் கருவிகள் முகிலைக் காட்டுகின்றன. முகிலை ஊடுருவிச் சென்று, கடலின் சிற்றலைகளில் பட்டுத் திரும்பும் ரேடார் அலைகள் காற்றின் வேகத்தை உணர்த்துகின்றன.

ஆயினும், ஒரு துணைக்கோள் கடந்து அடுத்தது வருமுன் புயல் இடம் பெயர்ந்துவிடலாம். அவ்விடைவெளியைக் கணினிக் கணிப்பும் முன்னறிவிப்பாளரின் கூர்நோக்குமே நிரப்புகின்றன. படகு கரைசேர்வதற்கான அவகாசமும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.