உப்பு தின்ற பாலம்

குளிர்காலம் வந்தால் அமெரிக்காவின் வட மாநிலங்களில் பாலங்களின் மேல் லாரி லாரியாக உப்பைத் தூவுவார்கள். பனி உருகும், வண்டிகள் வழுக்காது. ஆனால் அந்த உப்புநீரில் ஒரு பங்கு மெல்ல மெல்லக் கான்கிரீட்டுக்குள் இறங்குகிறது.

கல் மாதிரித் தெரிகிற கான்கிரீட்டுக்குள் நுண்துளைகள் ஏராளம். அவற்றில் தேங்கிய நீரின் பி.ஹெச். அளவு 12.5-ஐத் தாண்டும். இந்தக் கடும் காரத்தில், கான்கிரீட்டுக்குள் பதித்த இரும்புக் கம்பியின் மேல் மெல்லிய ஆக்ஸைடு படலம் படிந்து, துரு ஏறாமல் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு கம்பியை எட்டிவிட்டால் படலம் உடைந்துவிடும். துருவோ, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கிடைக்காவிட்டால் மேலேயுள்ள கான்கிரீட்டை நெம்பிப் பிளக்கும். மேலே குழி விழுவதற்கு வெகு முன்பே பாலத்தின் தளம் உள்ளுக்குள் பிரிந்திருக்கும்.

அதைக் கண்டுபிடிக்கப் பொறியாளர்கள் இன்றும் தளத்தின் மேல் இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். சந்தையில் பானையைத் தட்டிப் பார்க்கிற கதைதான்: நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், பிரிந்த இடத்தில் சத்தம் பொள்ளலாகிவிடும். அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்வார்கள்.

இது நோய் முற்றியபின் பார்க்கும் நாடி. கான்கிரீட்டை முன்கூட்டியே எடைபோட 1981-இல் டேவிட் வைட்டிங் ஒரு சோதனையை வகுத்தார். 50 மி.மீ. தடிமனில் ஒரு கான்கிரீட் வில்லை. ஒரு பக்கம் உப்புக் கரைசல், மறுபக்கம் காரக் கரைசல். 60 வோல்ட் மின்னழுத்தம், 6 மணி நேரம். கடந்துபோன மின்னூட்டம் 4000 கூலும்பைத் தாண்டினால் உப்பு எளிதில் நுழையும். 1000-க்குக் கீழே நின்றால் அது நுழைவது கடினம். உண்மையில் இந்தச் சோதனை அளப்பது மின்சாரத்தை, உப்பை அல்ல. அதனால், துருவைத் தடுக்கக் கால்சியம் நைட்ரைட் சேர்த்த கலவை இதில் வீணாகக் கெட்ட பெயர் வாங்கும்.

இன்னொரு சிக்கல்: வில்லையில் விரிசல் இல்லை, பாலத்தில் உண்டு. வலுவாக இருக்கட்டும் என்று சிமெண்டைக் கூட்டினால் சூடும் சுருக்கமும் கூடி, தளம் குறுக்கே விரிசல் விடும். கலவை எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், உப்புநீர் அந்த விரிசல் வழியே நேராகக் கம்பிக்குப் போய்விடும். 28-ஆம் நாள் அமுக்கி உடைத்துப் பார்க்கும் வலிமைச் சோதனையில் இதெல்லாம் தெரியாது.

ஆகவே வலிமை எண்ணை மட்டும் காட்டித் தளத்துக்கு ஆயுள் சொல்வதை நான் நம்பமாட்டேன். சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதிலாக அனல்மின் நிலையச் சாம்பல் போட்டார்களா, தளத்தின் மேல் போர்த்திய ஈரச் சாக்கு காயாமல் குறைந்தது 7 நாள் தண்ணீர் காட்டினார்களா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.