நோயாளிக்குத் தரும் கையேட்டை எழுதுவது யார்?

விளாங்குடி போன்ற பகுதிகளில் சர்க்கரை நோய்க்கு டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பலரின் கையில் மருந்துச் சீட்டோடு ஒரு வண்ணக் கையேடும் இருக்கும். டாக்டரே எழுதியது என்று நாம் நினைக்கிறோம். பல நேரங்களில் அப்படி இல்லை.

இதற்கென்றே நிறுவனங்கள் உள்ளன. மருந்து கம்பெனியோ மருத்துவமனையோ அரசோ பணம் கொடுக்கும். மருத்துவம் தெரிந்த எழுத்தாளர்கள் ஆய்வுகளைப் படித்து எளிமையாக எழுதுவார்கள். மருத்துவர் ஒருவர் சரிபார்ப்பார். பிறகு படம் சேர்த்து, மொழிபெயர்த்து அச்சிடுவார்கள். டாக்டர்களுக்கான பயிற்சிப் பாடங்களும் இப்படித் தயாராவது உண்டு.

இது தவறான தொழில் அல்ல. நமது மதுரையில் 1976ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992ல் 'லைகோ' என்ற பயிற்சி நிறுவனத்தை ஏற்படுத்தியது. இன்று வெளிநாட்டு மருத்துவமனைகளும் அங்கே வந்து கற்கின்றன.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். மருந்து விற்பவரே பாடத்துக்கும் செலவு செய்தால், எழுதியதில் பொய் இல்லாமலே ஒரு சாய்வு வந்துவிடலாம். நடைப்பயிற்சிக்கு இரண்டு வரி, புது மாத்திரைக்கு இரண்டு பக்கம் என்று அமையலாம். 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை நடத்தை விதிகள் டாக்டர்களுக்குப் பரிசு தருவதைத் தடை செய்கின்றன. கம்பெனி தரும் புத்தகம், டைரி போன்றவை ஒவ்வொன்றும் 1000 ரூபாயைத் தாண்டக் கூடாது. சர்க்கரை நோய், புற்றுநோய், கண்புரை ஆகியவற்றைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம்.

ரமலானில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிடுகிறது. சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு, 'நீரிழிவும் ரமலானும்' என்ற அமைப்புடன் சேர்ந்து 2016லும் 2021லும் வழிகாட்டி வெளியிட்டது. சர்க்கரை அளவு 70க்குக் கீழே இறங்கினாலும் 300ஐத் தாண்டினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும், விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்று அது சொல்கிறது. நோயாளிக்குச் சலுகை தந்திருப்பது குர்ஆன் (2:184). அப்படியிருக்க, யார் எழுதியது என்றே தெரியாத வாட்ஸ்அப் செய்தியை நம்பி இன்சுலினைத் தாமாக நிறுத்துவது ஆபத்து.

கையேடு கிடைத்தால் வெளியிட்டவர் யார், சரிபார்த்த மருத்துவர் யார், எந்த ஆண்டு அச்சிட்டது என்று பாருங்கள். ஒரே மருந்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். வந்த செய்தியை விசாரித்துத் தெளிவதே மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த வழி.